மாம்பழ மஞ்சள் மூடி

கமலாம்பிகையின் சாப்பாட்டுக் கடையிலிருந்து வெளியே போன பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை ஒரு வெள்ளைத் திமிங்கிலம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு நவம்பர் மாதக் காலைப்பொழுதில், இடியப்ப ஓடர்கள் எல்லாம் போய் முடிந்து அடுப்புகள் சற்று ஓய்ந்திருந்த நேரத்தில். ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் அந்தக் கடை இருக்கும் பிளாசாவுக்குப் பின்னால் ஒரு குளம் உண்டு. கார் நிறுத்துமிடத்து மழைத்தண்ணீர் வந்து சேரட்டும் என்று மாநகரசபை வெட்டி விட்டது. தாராக்கள் நீந்த வரும், கோடையில் நுளம்பு வந்து கடிக்கும், அதைத் தவிர அந்தக் குளத்துக்கு என்று ஒரு சரித்திரமும் இருந்ததில்லை. திமிங்கிலம் அதன் நடுவில் தலையைத் தூக்கிச் சுற்றும் முற்றும் பார்த்து, கரையோரம் வந்து, வாயில் பிடித்திருந்த மஞ்சள் பெட்டியைப் புல்லின் மேல் நோகாமல் வைத்தது. குப்பை போட வெளியே போயிருந்த றோஸ்மேரி கையில் பையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடையில் வேலை செய்தவள், எதற்கும் லேசில் பதறாதவள். உள்ளே வந்து, “அக்கா, பின்னுக்கு ஆரோ பெட்டி திருப்பித் தர வந்து நிக்கினம்” என்று மட்டும் சொன்னாள்.

கமலாம்பிகை கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளை முதலில் ஆச்சரியப்படுத்தியது திமிங்கிலம் அல்ல, பெட்டிதான். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பெட்டிகளைக் கொடுத்திருக்கிறாள். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்து தந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அது மட்டுமல்ல, பெட்டி வெறுமையாக வரவில்லை. வெள்ளை வெளேரென்ற பனியில் அடுக்கி, சின்னச் சின்ன றால்கள் இருந்தன, ஒன்றுகூடக் கெடாமல். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது கமலாம்பிகை பிறந்து வளர்ந்த வீட்டுப் பழக்கம். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அவளுடைய சொந்தச் சகோதரிகளே அதைக் கைவிட்டிருந்தார்கள். “உது வளர்ப்புச் சரியான வீட்டுப் பிள்ளை” என்று அவள் றோஸ்மேரியிடம் சொன்னாள். திமிங்கிலம் ஒருமுறை மூச்சு விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. றால் அன்று மத்தியானமே கறியானது.

மாநகரசபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குளத்தையும் ஹம்பர் ஆற்றையும் இணைக்கும் குழாயை அளந்து, இந்தக் குழாய்க்குள்ளால் திமிங்கிலம் வர முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் எழுதி முடிக்கும்வரை இன்னொரு திமிங்கிலம் குளத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிக்காரர்களும் வந்தார்கள். பிறகு பெரிய பனிப்புயல் ஒன்று வந்து, எல்லாரும் அதைப் படம் பிடிக்கப் போய்விட்டார்கள். குளம் மறுபடி பிளாசாக்காரர்களுக்கே சொந்தமானது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதைச் செய்தவர் கமலாம்பிகையின் கணவர் ஜெயரட்ணம். ரெக்ஸ்டேலுக்கு வந்த காலத்திலிருந்து ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அச்சு வெட்டும் வேலை. கமலாம்பிகை முதலில் நிலக்கீழ் அறையில் சமைத்து விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு குளிர்கால மாலை, பின்ச் வீதி பஸ்ஸில் போன பெண்ணொருத்தியின் மடியில் சாம்பார் ஒழுகி, புதுக் கோட்டு பாழாகி, அவள் திரும்பி வந்து வாசலில் அழுதாள். கமலாம்பிகைக்கு அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. ஜெயரட்ணம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்த பிறகும் தொழிற்சாலையில் தங்கி, மாதக்கணக்காக உருக்கில் ஓர் அச்சு வெட்டினார். ஊரில் மற்றப் புருஷன்மார் கலியாண நாளுக்குச் சேலை வாங்கிக் கொடுத்தார்கள். இவர் ஒரு மூடியைக் கொடுத்தார்.

மாம்பழ மஞ்சள் நிறம். மேலே கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் புடைப்பாக. உலகத்தில் எந்தக் கடைக்கும் இல்லாத மூடி அது. விபத்து குளிரில் நடந்தது என்பதால், குளிர் கூடக் கூட இறுகும்படி அதைச் செய்திருந்தார். கீழே விழுந்தால் உடையாது, கார் ஏறினாலும் உடையாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு திறக்கப் பார்த்தால் பீமனாலும் முடியாது. மடியில் வைத்தோ கைக்குள் பொத்தியோ சூடு காட்ட வேண்டும், பிறகு மூலையில் பெருவிரலால் அழுத்தினால் டக் என்று திறக்கும். பொறுமையில்லாதவர்கள் திறக்க முடியாமல் கடைக்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். கமலாம்பிகை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பெட்டியை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், மாமியாரின் முழங்கால் எப்படி என்று விசாரிப்பாள். விசாரணை முடிகிற நேரத்துக்கு மூடி திறக்கும். இப்படியே ரெக்ஸ்டேல் தமிழரின் குடும்ப நிலவரம் முழுவதும் அவளுக்கு அத்துப்படியாகியிருந்தது. அந்த மூடியை யாராவது குறை சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். அவளைப் பொறுத்தவரை அது தன் கழுத்துத் தாலியை விட ஒரு படி மேல். தாலியை ஜெயரட்ணம் கடையில் வாங்கினார், மூடியைத் தன் கையால் செய்தார்.

பெட்டிகள் எங்கே போயின என்று மட்டும் அவள் யோசித்ததில்லை. கோடை ஒன்றுகூடல்களில் ஆற்றங்கரைப் பூங்காவில் மறந்துவிடப்பட்டவை, ரக்கூன்கள் குப்பைப்பை கிழித்து இழுத்தவை, காற்றில் கார் நிறுத்துமிடத்தால் உருண்டவை எல்லாம் ஹம்பர் ஆற்றால் ஏரிக்கும், ஏரியால் சென் லோறன்ஸ் ஆற்றுக்கும், அங்கிருந்து கடலுக்கும் போய், நீரோட்டத்துக்கு நீரோட்டம் மாறி வட துருவக் கடல்வரைக்கும் போயிருந்தன. உடையாத பெட்டி அல்லவா? ஒழுகாமல் மூழ்காமல் போய்ச் சேர்ந்தன.

அந்தக் குளிர்காலம் தொடங்கியதும் பெட்டிகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. பெரும்பாலும் வெள்ளைத் திமிங்கிலங்கள் கொண்டுவந்தன; ஓரிரு தடவை மீசை வைத்த கடல்நாய்களும் வந்தன. ஒன்றுகூட வெறுமையாக வரவில்லை. ஒரு பெட்டியில் உருகாத பனி இருந்தது, அடுப்பின் பக்கத்தில் வைத்தும் உருகவில்லை. இன்னொன்றைத் திறந்தபோது பச்சை வெளிச்சம் ஒன்று எழும்பிச் சமையலறைக் கூரையில் திரைச்சீலை ஆடுவதைப் போல ஆடியது. கமலாம்பிகை அதை உடனே மூடி, மின்சாரம் போகிற நாளுக்கு உதவும் என்று மேல்தட்டில் எடுத்து வைத்தாள். இன்னுமொன்றில் வெறும் அமைதி இருந்தது. மத்தியான நெரிசலில் அதைத் திறந்துவிட்டார்கள். கொத்துரொட்டித் தகடு அடிக்கிற சத்தம்கூட நின்று, வரிசையில் நின்ற அத்தனை பேரும் கொஞ்ச நேரம் தங்கள் தாய்மாரை நினைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு யாரோ மட்டன் ரோல் கேட்டார், வியாபாரம் தொடர்ந்தது.

வந்ததை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க கமலாம்பிகையால் முடியுமா? பெட்டிகளைக் கொதிதண்ணீரில் கழுவினாள். ஒன்றில் புட்டு, ஒன்றில் மீன்பொரியல், ஒன்றில் பயற்றம் பணியாரம் என்று நிரப்பினாள். ஜெயரட்ணம் வேலைக்குப் போகிற வழியில் வந்து, மூடிகளைத் தன் கையாலேயே அழுத்தி மூடினார். தன்னுடைய மூடி துருவக் கடல்வரை போய் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்ததில் மனிதர் ஒரு சாண் உயர்ந்திருந்தார். பிறகு கமலாம்பிகை குளக்கரைக்குப் போய், பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். திமிங்கிலங்கள் அவற்றைப் பார்த்தன. ஒன்றை ஒன்று பார்த்தன. பிறகு எடுத்துக்கொண்டு போயின. சில வாரத்தில் அதே பெட்டிகள் திரும்பி வந்தன, அவள் மறுபடி நிரப்பி அனுப்பினாள்.

இது சரியில்லை என்று முதலில் சொன்னவள் சியாமளா. றிச்மண்ட் ஹில்லில் குடியிருந்த தஞ்சாவூர்க்காரி, விலங்கு வைத்தியர். கடல் பாலூட்டிகளைப் பற்றியே பல வருடம் படித்தவள். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வெள்ளிக்கிழமைகளில் இவ்வளவு தூரம் கார் ஓடி வந்து கமலாம்பிகையிடம் சாப்பாடு வாங்குவாள். குளத்தில் நின்ற திமிங்கிலத்தையும், கரையில் பணியாரப் பெட்டியோடு நின்ற கமலாம்பிகையையும் பார்த்து, தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அதுங்க உங்களுக்குச் சீர் கொண்டு வரலை. அங்க கிடக்கிற குப்பையை உங்ககிட்டயே திருப்பிக் கொடுக்குதுங்க.” கமலாம்பிகைக்கு முகம் சிவந்தது. குப்பையென்றால் உள்ளே சாமான் வைத்துத் தருவானேன் என்று கேட்டாள். சியாமளாவும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத வீட்டில் பிறந்தவள்தான். பொதியை வாங்கிக்கொண்டு காருக்குப் போனாள். அந்த வாரம் அவளுடைய சாப்பாட்டுப் பொதியில் வழக்கமாக வைக்கிற சம்பல் இருக்கவில்லை.

தைப்பொங்கல் வந்தது. பெட்டியில் அனுப்பினால் அவ்வளவு பெரிய உடம்புக்கு எந்த மூலைக்குக் காணும் என்று கமலாம்பிகை இந்தத் தடவை வாளியை எடுத்தாள். மண்டபங்களுக்குச் சமையல் அனுப்புகிற மஞ்சள் வாளி. அதே ஜெயரட்ணத்தின் வேலைப்பாடு. விளிம்பைச் சுற்றிப் பூட்டுகிற வளையம் ஒன்று, அதன் மேலும் கடையின் பெயர். முந்திரிகையும் பிளம்ஸ் என்ற திராட்சை வற்றலும் அள்ளிப்போட்ட சர்க்கரைப் பொங்கலை வாளி நிறைய எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். குளம் உறைந்திருந்தது, நடுவில் மட்டும் திமிங்கிலங்கள் வந்து போவதற்கு ஒரு வட்டம் திறந்திருந்தது. அன்று வந்த பெண் திமிங்கிலத்தின் விலாவோடு ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி நின்றது. கமலாம்பிகை பேசாமல் இருப்பாளா? எத்தனை மாதம், பால் போதுமாக இருக்கிறதா, நித்திரை கொள்கிறதா என்று தாயிடம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, வாளியைத் தண்ணீரில் தள்ளினாள். தாய் அதைப் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்கியது. ஆனால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தெரியாத விருந்தாளிகள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். வாளியை மூக்கால் தள்ளிக்கொண்டு பனிக்கட்டிக்குக் கீழே போனது. குட்டி பின்னாலே போனது.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. குளத்து வட்டம் உறைந்து மூடிக்கொண்டது. கமலாம்பிகை ஒவ்வொரு காலையும் பின்கதவைத் திறந்து பார்த்தாள். சர்க்கரை கூடிவிட்டதோ, ஏலக்காய் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று யோசித்தாள். தான் ஏதோ குறை வைத்துவிட்டதாகத்தான் அவளுக்குப் பட்டது. குறை எங்கே என்று தெரியாமல் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

சித்திரை பிறந்த அடுத்த நாள் காலை, பனிக்கட்டி முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்த சத்தம் கேட்டு பிளாசாவில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். குளம் திமிங்கிலங்களால் நிறைந்திருந்தது. முதுகோடு முதுகு உரச, தண்ணீர் தெரியாத அளவுக்கு நின்றன. அவற்றுக்கிடையில் கடல்நாய்களின் தலைகள். ஒன்றிடமும் பெட்டி இருக்கவில்லை. அவை விலகி வழிவிட, தாய்த் திமிங்கிலம் தன் குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தது. பொங்கல் வாளியின் மஞ்சள் வளையம் குட்டியின் வாயைச் சுற்றி இறுகிக் கிடந்தது. மேல்வாயும் கீழ்வாயும் திறக்க முடியாதபடி பூட்டி, தோலுக்குள் புதைந்து, கடையின் பெயர் மேலே தெளிவாகத் தெரிந்தது. மூடி திறக்க முடியாதவர்கள் எல்லாரும் கடைக்குத்தானே கொண்டுவருவார்கள்? அவையும் கொண்டுவந்திருந்தன.

பஸ்ஸில் ஒழுகிய சாம்பாருக்காக ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தவள் கமலாம்பிகை. இப்போது ஒரு பச்சைக் குழந்தையின் வாயைத் தன் கடையின் பெயரால் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். சியாமளாவுக்குப் போன் அடித்தாள். சியாமளா நெடுஞ்சாலையில் எந்த வேகத்தில் வந்தாள் என்பதை இங்கே எழுதாமல் விடுவதுதான் நல்லது. முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, குட்டியின் கண்ணையும் தோலையும் தடவிப் பார்த்தாள். மெலிந்து தோல் தொங்கியது. வெட்டுக்கருவியை வைத்துப் பார்த்தாள். வளையத்தில் ஒரு கீறலும் விழவில்லை, கருவி வழுக்கிச் சதையைத் தேடிப் போனது. மயக்க மருந்து கொடுத்தால் இந்த இனம் மூச்சு விடவே மறந்துவிடும் என்றாள். கமலாம்பிகையைத் திரும்பிப் பார்த்தபோது சியாமளாவின் கண் நிறைந்திருந்தது. “பால் குடிச்சு ரொம்ப நாளாச்சு அக்கா. இன்னிக்கு எடுத்தாகணும்.”

ஜெயரட்ணம் அன்று லீவு. பின்கதவு நிலையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. கமலாம்பிகை திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடமாக அவரை எதுவும் கேட்டுப் பழகாதவள், எல்லாவற்றையும் அவராகவே பார்த்துச் செய்வார் என்று இருந்தவள், இப்போது கேட்டாள்.

“இஞ்சாருங்கோ. உதைத் திறக்க ஏலாதோ?”

“உடைக்க ஏலாது” என்றார் ஜெயரட்ணம். “உடையக்கூடாதெண்டுதான் செய்தனான்.” பிறகு சப்பாத்தைக் கழற்றினார். “சூடு காட்டினால் இளகும். சுடுதண்ணி விட்டால் பிள்ளை வெந்துபோகும். கைச்சூடுதான் வேணும், கமலா. கனக்கக் கை வேணும்.”

சொல்லிக்கொண்டே குளத்தில் இறங்கினார். கமலாம்பிகையும் சேலையோடு இறங்கினாள். அன்று காலைவரை பனிக்கட்டியாக இருந்த தண்ணீர். இருவரும் வளையத்தைப் பொத்திப் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே விரல்கள் மரத்துவிட்டன. றோஸ்மேரி உள்ளே ஓடி, கடையில் இருந்த பெரிய கேத்தில்கள் அத்தனையிலும் தேத்தண்ணீர் கொதிக்கவைத்தாள். எவர்சில்வர் கோப்பைகளில் ஊற்றி, வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்தான் முதலில் நின்றார்கள். பிறகு பக்கத்துச் சலூன்காரர், தொழுகை முடித்து வந்த சோமாலிய ராக்சி ஓட்டுநர்கள், லொறியை ரோட்டிலேயே விட்டு வந்த பஞ்சாபிகள், பிக்கரிங்கில் இருந்து மருமகளின் கொடுமையைச் சொல்லவென்றே அன்று வந்திருந்த கமலாம்பிகையின் மூத்த சகோதரி. கோப்பையைப் பிடித்துக் கையைச் சூடாக்கி, தண்ணீரில் இறங்கி, வளையத்தைப் பொத்திப் பிடித்து, கை குளிர்ந்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனார்கள். மாநகரசபையிலிருந்து வந்து குழாயை அளந்தவர்களில் ஒருவரும் அன்று வரிசையில் நின்றார். அவர் ஏன் அங்கே வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் மாறினார்கள், அந்த இரண்டு பேரும் மாறவில்லை. ஜெயரட்ணம் பூட்டு இருக்கும் இடத்தில் பெருவிரலை வைத்தபடி நின்றார். கமலாம்பிகை மூடிக்குச் சூடு காட்டும்போது எப்போதும் எதைச் செய்வாளோ அதையே செய்தாள். குட்டியோடு கதைத்தாள். பேர் வைத்தாச்சோ என்று கேட்டாள். வருகிற வழி குளிரோ, ஆற்றில் தண்ணீர் குறைவோ, கூட விளையாடப் பிள்ளைகள் இருக்கினமோ என்று கேட்டாள். தகப்பனைப் பற்றியும் கேட்டாள், தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் அதை அத்தோடு விட்டாள். குட்டி உதறுவதை நிறுத்தி அவளைப் பார்த்தது. தாய்த் திமிங்கிலம் பின்னால் வந்து, தன் பெரிய நெற்றியை அவள் முதுகில் வைத்தது. அது சுடச்சுட இருந்தது என்று பிற்காலத்தில் அவள் சொல்வாள். இப்போதுதான் இறக்கி வைத்த சோற்றுப்பானை போல.

சூரியன் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியபோது ஜெயரட்ணம், “இப்ப” என்றார். கமலாம்பிகை தன் பெருவிரலை அவருடைய விரலின் மேல் வைத்து அழுத்தினாள்.

டக்.

ரெக்ஸ்டேலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்த சத்தம் அது. ஆனால் இந்தத் தடவை ஓர் இடத்தில் மட்டும் கேட்கவில்லை. அதே கணத்தில் கடைக்குள் அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் அத்தனையும் டக் என்று திறந்தன. மேல்தட்டில் இருந்த பச்சை வெளிச்சம் வெளியே வந்து, பட்டப்பகலில் பிளாசாவுக்கு மேலே ஆடியது. றிச்மண்ட் ஹில்லில் சமையலறைக் கீழ்த்தட்டுகளில், பிறகு உதவும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த பெட்டிகளின் மூடிகள் திறந்தன. பிக்கரிங்குக்குப் போகிற ரயிலில் சுப்பிரமணியன் என்ற கணக்காளரின் மடியில் மத்தியானம் மிச்சம் வைத்த சாம்பார் ஊற்றுண்டது. அவர் மட்டுமே அன்று சந்தோஷப்படவில்லை. வடக்கே, யாரும் போகாத கடலில், பனிப்பாறைகளுக்குக் கீழேயும், கடல்நாய்களின் கழுத்துகளிலும், மஞ்சளாக இருந்தவை எல்லாம் அந்தக் கணத்தில் திறந்துகொண்டன. இது எப்படித் தெரியும் என்றால், இரண்டு நாள் கழித்து நுனாவுத்திலிருந்து ஓர் இனுயிற் வேட்டைக்காரர், மூடியில் இருந்த எண்ணுக்குப் போன் எடுத்தார். தன் கண்ணெதிரே ஒரு கடல்நாயின் கழுத்திலிருந்து இது தானாகக் கழன்று விழுந்தது, அதைச் சொல்லலாம் என்று எடுத்தேன் என்றார். கமலாம்பிகை அவரிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு, ரொறன்ரோவுக்கு வந்தால் கட்டாயம் சாப்பிட வரச் சொன்னாள். அடுத்த வருடம் குடும்பத்தோடு வந்தார்.

குளத்தில் அன்று நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்றும் சொல்லி முடிக்கிறார்களில்லை. குட்டி வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்து பார்த்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் தாயின் வயிற்றுக்குக் கீழே போனது. பால் குடிக்கிற சத்தம் கரைவரை கேட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் கைதட்டினார்கள். திமிங்கிலங்கள் அத்தனையும் சேர்ந்து பாடின, லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள், சியாமளா தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். கமலாம்பிகை இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதாள். அழுகிற பாதியில் சிரிப்பு வந்து, இரண்டையும் சேர்த்தே செய்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் தன் கலியாணத்தன்றுகூட அறிந்ததில்லை. ஜெயரட்ணம் கழன்ற வளையத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர்த் தேரை இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவரைப் போல நடந்து கரையேறினார்.

அதற்குப் பிறகு அந்த மூடிகள் மூடவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் டக் என்று திறந்துகொண்டன. ஜெயரட்ணம் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சிரித்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து, சாப்பாடு வேண்டுமானால் பாத்திரம் கொண்டுவர வேண்டும் என்று கமலாம்பிகை அறிவித்தாள். முறுமுறுத்தார்கள். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள், அங்கே யாரும் மாமியாரின் முழங்காலை விசாரிக்காததால் திரும்பி வந்தார்கள். சட்டி வந்தது, தூக்குவாளி வந்தது, அடுக்குக் கரியர் வந்தது. சியாமளா கொண்டுவந்த பித்தளைத் தூக்கில் சம்பல் எப்போதும் ஒரு கரண்டி கூடத்தான் விழுந்தது.

கோடை முழுவதும் திமிங்கிலங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து குளக்கரையில் அடுக்கின. மஞ்சள் பெட்டிகள் குறைந்துபோக, மற்றவர்களின் பெட்டிகளும் வரத் தொடங்கின. போத்தல்கள், பைகள், அறுந்த மீன்வலைகள், ஒரு முழு நாற்காலி. திருப்பிக் கொடுத்தால் வாங்குகிற முகவரி ஒன்று இருக்கிறது என்று கடலுக்குள் செய்தி பரவிவிட்டது. மாநகரசபை கிழமைக்கு ஒரு லொறி அனுப்பியது. மற்ற நகரங்களின் குளங்களிலும் வெள்ளை முதுகுகள் தெரிவதாக அந்தக் கோடையிலேயே பேச்சு அடிபட்டது. கமலாம்பிகை கவனித்தது வேறொன்றை. இப்போது வந்த பெட்டிகள் எல்லாம் வெறுமையாகத்தான் வந்தன. றோஸ்மேரி அதைப் பார்த்து முகம் வாடினாள். கமலாம்பிகை அவளை அதட்டினாள். சொந்தக்காரருக்குள் யாராவது அந்தச் சம்பிரதாயமெல்லாம் பார்ப்பார்களா என்று கேட்டாள்.

உருக்கு அச்சைத் தொழிற்சாலை ஜெயரட்ணத்துக்கே கொடுத்துவிட்டது. நல்ல பாரமான சாமான். கடையின் பின்கதவு காற்றுக்கு அடித்துச் சாத்தாமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். திறந்த கதவால் பார்த்தால் குளம் தெரியும்.

அடுத்த சித்திரையில் ஒரு நாள், புட்டு அவிந்துகொண்டிருந்த நேரம், குட்டி தனியாக வந்தது. சாம்பல் நிறம் கொஞ்சம் வெளுத்து, உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. மூக்கைச் சுற்றி வளையம் கிடந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. வாயில் ஒரு மஞ்சள் பெட்டி, கடலில் மிச்சமிருந்த கடைசிப் பெட்டி. அதைப் புல்லின் மேல் வைத்துவிட்டு, தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றது. கமலாம்பிகை பெட்டியைக் கையில் எடுத்தாள். கை பழக்கத்தில் அதை நிரப்பத்தான் போனது. ஓரடி எடுத்து வைத்தவள், நின்றாள். பெட்டியைக் குப்பை லொறிக்கென்று சேர்த்து வைத்த குவியலில் போட்டாள். உள்ளே போய், தன் வாழ்நாளில் யாருக்கும் பச்சையாகப் பரிமாறியிராதவள், உப்பும் தூளும் போடாத நெத்தலியைப் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் நிறைய எடுத்து வந்தாள். கரையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“பெட்டி இல்லை, குஞ்சு” என்றாள். “இருந்து சாப்பிட்டுட்டுப் போ.”

குட்டி இருந்து சாப்பிட்டது. உள்ளேயிருந்து றோஸ்மேரி எட்டிப் பார்த்து, மத்தியானத்துக்கும் நிற்கிறாரோ என்று கேட்டாள். நிற்கிறார் என்று கமலாம்பிகை சொன்னாள். றோஸ்மேரி இன்னும் ஒரு கிலோ நெத்தலி எடுத்து வெளியே வைத்தாள்.